ஐந்து விளிம்புகள் கூடும் முனையில் பிரதிபலிப்பு நெளிகிறது, உதவி தேவை

கேள்வி (வடிவமைப்பு மாணவி):
வணக்கம். ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு காரின் முன்பக்க மட்கார்டை நாற்கர மெஷ்ஷாக (நான்கு பக்க முகங்களால் ஆன வலையாக) அமைத்து, கேட்மல்–கிளார்க் உட்பிரிப்பு (முகங்களைத் திரும்பத் திரும்பச் சிறிதாகப் பிரித்து வழவழப்பாக்கும் முறை) கொடுத்திருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் வழவழப்பாகத்தான் இருக்கிறது. பளபளக்கும் பெயிண்ட் கொடுத்து, மேலே நீண்ட விளக்கு ஒன்றை வைத்தால், ஹெட்லைட்டின் மேல்மூலைக்கு அருகே ஐந்து விளிம்புகள் கூடும் முனையில் வெள்ளைப் பட்டை இடுங்கி நெளிகிறது. உட்பிரிப்பு நிலையை 2இலிருந்து 5க்கு ஏற்றியும் போகவில்லை. இரட்டை முனைகள் இல்லை, முகங்களின் திசையும் சரி. கோளாறு எங்கே?

பதில் 1:
நிலையை ஏற்றுவதால் பயன் இல்லை, பழைய நிலைக்கே இறக்கிவிடுங்கள். அந்த முனையைத் தட்டையான இடத்துக்கோ, பானட்டும் மட்கார்டும் சேரும் இடைவெளிக்கோ நகர்த்துங்கள்.

பதில் 2:
காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் அடுத்த மாடலில் முன்கூட்டியே திட்டமிடலாம். எட்வின் கேட்மல், ஜிம் கிளார்க் இருவரும் 1978இல் தந்த இந்த முறை, நான்கு விளிம்புகள் கூடும் இடங்களில் முப்படி பி-ஸ்ப்ளைன் பரப்பை, அதாவது முப்படிக் கோவைத் துண்டுகள் வழவழப்பாக இணைந்த பரப்பை, தருகிறது. அங்கே வளைவும் தொடர்ச்சியாக இருக்கும். மற்ற முனைகளில் தொடுதளம் (பரப்பை அந்தப் புள்ளியில் தொட்டு நிற்கும் சமதளம்) மட்டுமே தொடரும்.

உங்கள் ஐந்து விளிம்பு முனையையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு உட்பிரிப்பிலும் அதைச் சுற்றிய வளையம் சுமார் 0.55 மடங்காகச் சுருங்குகிறது. தொடுதளத்திலிருந்து எழும் உயரம் அதன் வர்க்கமான 0.3025 மடங்காகச் சுருங்கினால்தான் வளைவு ஓர் அளவில் நிற்கும். ஆனால் உயரத்தின் சேண வடிவக் கூறு (குதிரைச் சேணம் போல ஒரு திசையில் மேலும் மறுதிசையில் கீழும் வளையும் பகுதி) 0.34 மடங்காகத்தான் சுருங்குகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வளைவு ஏறத்தாழ 12 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. குவிந்த பரப்பாக நீங்கள் வரைந்தாலும், முனையருகே சேணம் எட்டிப்பார்ப்பது இதனால்தான். 0.55, 0.34 ஆகிய எண்கள் உட்பிரிப்பு அணியின் (ஒரு சுற்றில் முனைகள் நகர்வதைச் சொல்லும் எண் அட்டவணையின்) ஐகன் மதிப்புகள், அதாவது ஒவ்வொரு கூறும் ஒரு சுற்றில் எத்தனை மடங்காகிறது என்பதைச் சொல்பவை. டூ, சேபின் இருவரும் அதே 1978இல் தொடங்கிவைத்த ஆய்வு வழி இது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. முனையை இடைவெளிக்கோட்டுக்குத் தள்ளியதும் பட்டை நேராக ஓடுகிறது. அப்படியானால் இத்தகைய முனைகளே இல்லாமல் மெஷ் அமைக்க முடியாதா?

பதில் 2:
மூடிய, துளையில்லாத நாற்கர மெஷ்ஷில் முடியாது. ஒவ்வொரு முனைக்கும் நான்கிலிருந்து அதன் விளிம்பு எண்ணிக்கையைக் கழித்துக் கூட்டினால் விடை எப்போதும் 8. முனை, விளிம்பு, முக எண்ணிக்கைகளை இணைக்கும் ஆய்லர் சூத்திரத்திலிருந்து வருவது. கனசதுரத்தில் அது மூன்று விளிம்பு முனைகள் எட்டாக வருகிறது. ஓர் ஐந்து விளிம்பு முனையைச் சேர்த்தால் கூடவே ஒரு மூன்றையும் சேர்க்க வேண்டியிருக்கும். மட்கார்டு திறந்த துண்டு என்பதால் ஓரங்களில் உங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு.

மூன்று விளிம்பு முனையில் வளைவு எல்லை மீறாது, மெல்லத் தட்டையாகும். ஆகவே மூன்றைச் சமதளப் பகுதியில் வையுங்கள், ஐந்தை ஒளி படாத மடிப்பில் ஒளியுங்கள். எங்கும் ஒளிக்க முடியாத முனை என்றால், அதைச் சுற்றியுள்ள முகங்களை வெட்டியெடுத்து, வளைவுத் தொடர்ச்சியுள்ள நர்ப்ஸ் ஒட்டுகளால் (கணிதச் சமன்பாட்டால் வரையப்படும் வளைபரப்புத் துண்டுகளால்) மூடுங்கள். வேலை கூடும்தான், ஆனால் உற்பத்திக்குப் போகும் மட்கார்டு என்றால் நான் அதைத்தான் செய்வேன்.