10-7 என்றால் என்ன?

குழு: பாளையங்கோட்டை வீடு
ஞாயிற்றுக்கிழமை

[6:58] சித்தி: இனிய காலை வணக்கம். (ரோஜாப்பூ படம்)

[7:10] குமரன்: பேஜர் அடிக்கிறது. அடுக்குமாடியில் புகையாம். ஓடுகிறேன்.

[7:11] அம்மா: சாப்பிட்டாயா?

[7:40] அம்மா: குமரா?

[7:52] மாமா: மீனா, தீயணைக்கப் போனவன் போனைப் பார்த்துக்கொண்டா நிற்பான்? விடு.

[9:32] குமரன்: 10-7

[9:33] அம்மா: அப்படியென்றால்?

[9:36] அம்மா: குமரா, பத்து ஏழு என்றால் என்ன? மணியா?

[9:38] சித்தி: அக்கா, அங்கே அமெரிக்காவில் இப்போது இரவு 12 தாண்டிவிட்டது. 10:07 ஆக முடியாது.

[9:41] அம்மா: போன் அடித்தேன். அணைத்து வைத்திருக்கிறான். அண்ணே, நீங்கள் போலீஸ் வயர்லெஸில் இருந்தீர்களே, இது என்ன?

[9:44] பிரியா: அம்மா, கூகுளில் பார்த்தேன். அமெரிக்க போலீஸ் கோடு. பணியில் ஒரு காவலர் இறந்தால் இறுதிச் சடங்கில் கண்ட்ரோல் அவர் எண்ணை வயர்லெஸில் கூப்பிடும். பதில் வராது. அப்புறம் அவர் 10-7 என்று அறிவித்து முடிப்பார்கள்.

[9:44] அம்மா: ஐயோ

[9:45] மாமா: பிரியா! இதை உன் அம்மா இருக்கிற குழுவிலா போடுவாய்?

[9:45] பிரியா: நான் முழுதாகப் படிக்கவில்லை மாமா, ஸாரி

[9:47] மாமா: மீனா, பதறாதே. 10-7 என்றால் வயர்லெஸ் செட்டை அணைக்கிறேன், இனி கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டேன் என்று அர்த்தம். ஹாம் ரேடியோவில் நாங்கள் க்யூ ஆர் டி என்போமே, அதே சங்கதி. திரும்ப வரும்போது 10-8 என்பார்கள். செத்தவன் எப்படித் தன் கையால் 10-7 என்று டைப் செய்வான்?

[9:48] சித்தி: அண்ணே, நல்ல வார்த்தையாகப் பேசுங்கள்.

[9:49] அம்மா: பிரியா, அவன் கூட இருக்கும் பையனுக்குப் போன் அடி. இப்போதே.

[10:03] பிரியா: பேசிவிட்டேன். குமரன் தூங்குகிறான். அறைக் கதவு வழியாகக் குறட்டை கேட்கிறதாம். எழுப்பட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன்.

[10:04] அம்மா: உன் காதால் கேட்டாயா?

[10:05] பிரியா: போனைக் கதவருகில் பிடித்தான் அம்மா. கேட்டேன். நம் அப்பாவின் குறட்டையேதான்.

[10:09] அம்மா: முருகா. எழுந்ததும் இருக்கிறது அவனுக்கு.

[10:20] சித்தி: அண்ணே, இந்த நம்பர் எல்லாம் எதற்கு? திருடனுக்குப் புரியக் கூடாது என்றா?

[10:26] மாமா: ஆமாம், ரகசியத்துக்குத்தான் இருக்கும். எங்கள் செட்டில் என் காலத்தில் எல்லாம் ஓவர், ரோஜர்தான். ரோஜர் என்பது ஆள் பெயர் இல்லை. பழைய எழுத்துக் குறிப்பில் ‘ஆர்’ எழுத்துக்கு ரோஜர் என்ற சொல் வைத்திருந்தார்கள். கிடைத்தது என்பதன் ஆங்கிலச் சொல்லுக்கு அதுதானே முதல் எழுத்து. நாங்கள் எண் சொன்னால் அது சட்டப் பிரிவாக இருக்கும். 302 என்றால் கொலை.

[10:28] சித்தி: 420 எனக்கே தெரியும்.

[10:31] மாமா: இரண்டும் போய்விட்டன. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம். கொலைக்கு 103, மோசடிக்கு 318. இனிமேல் எவனையாவது 420 என்று திட்டினால் வரலாறு பேசுகிறாய் என்று அர்த்தம்.

[10:34] பிரியா: இங்கே கலிபோர்னியாவிலும் அப்படித்தான் மாமா. 187 என்றால் கொலை, 211 என்றால் கொள்ளை. மாநிலத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்கள். போலீஸ் அதையே வயர்லெஸில் சொல்கிறார்கள்.

[10:35] மாமா: பார்த்தாயா, போலீஸ் எங்கே போனாலும் போலீஸ்தான்.

[10:52] சித்தி: ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இவன் கம்ப்யூட்டர் வேலைக்குத்தானே போனான்? தீயணைப்பு எங்கிருந்து வந்தது? சம்பளம் தருகிறார்களா?

[10:54] பிரியா: இல்லை சித்தி. தன்னார்வம். நியூ ஜெர்சியில் பல ஊர்களில் ஊர்க்காரர்களே தீயணைப்பு வீரர்கள். பகலில் ஆபீஸ், பேஜர் அடித்தால் ஸ்டேஷன்.

[10:55] சித்தி: சம்பளம் இல்லாமல் நெருப்பில் குதிக்கிறானா!

[11:10] மாமா: அது அவர்களின் பழைய வழக்கம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-ல் பிலடெல்பியாவில் ஊர்க்காரர்களைச் சேர்த்துத் தீயணைப்புக் குழு தொடங்கினார். இன்றைக்கும் அமெரிக்கத் தீயணைப்புத் துறைகளில் பெரும்பாலானவை தன்னார்வத் துறைகள்தான். நமக்குத் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை. இங்கே ஸ்டேஷனில் இருப்பவரைக் கன்னியாகுமரிக்கு மாற்றினாலும் அதே துறை, அதே சீருடை. அங்கே ஊருக்கு ஊர் தனி. நியூ ஜெர்சி ஒரு சின்ன மாநிலம், அதற்குள் 564 நகராட்சிகள்.

[11:12] சித்தி: 564 இடத்தில் தனித்தனியா? யார் யாருக்குக் கீழே?

[11:13] மாமா: அதைத்தான் நானும் அவனிடம் கேட்கவேண்டும்.

[17:04] குமரன்: 10-8 :)

[17:04] அம்மா: எண் போட்டாயானால் இந்தக் குழுவிலிருந்தே தூக்கிவிடுவேன்.

[17:05] குமரன்: என்ன ஆயிற்று? 63 மிஸ்டு கால்!

[17:05] பிரியா: மேலே போய்ப் படி.

[17:13] குமரன்: அம்மா, மன்னித்துவிடு. உடம்பெல்லாம் வலி, இரண்டு வரி எழுதத் தெம்பில்லை. ஸ்டேஷனில் வயதான ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது 10-7 என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதுவே எனக்கும் வந்துவிட்டது.

[17:14] அம்மா: சாப்பிட்டாயா?

[17:14] குமரன்: ஸ்டேஷனில் பீட்சா.

[17:15] அம்மா: அது சாப்பாடா?

[17:16] மாமா: மருமகனே, நேற்று என்ன விஷயம்? அதைச் சொல்.

[17:24] குமரன்: இரண்டாவது மாடியில் அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு யாரோ மறந்துவிட்டார்கள் மாமா. மேலே இருந்த அலமாரியில் பற்றிக்கொண்டது. யாருக்கும் காயமில்லை. நான் புதியவன், உள்ளே விடமாட்டார்கள். தெருவில் இருக்கும் தண்ணீர்க் குழாயில் ஓஸை மாட்டித் திறப்பது என் வேலை. அப்புறம் நள்ளிரவு வரை ஈர ஓஸைச் சுருட்டுவது. நம் ஊரில் வண்டியே தண்ணீரைச் சுமந்து வருமே, இங்கே தெருவுக்குத் தெரு குழாய்.

[17:26] அம்மா: உள்ளே விடமாட்டார்களா? நல்லது.

[17:27] மாமா: கோடு எல்லாம் மனப்பாடமா? ரகசியமாக வைத்திருப்பார்களோ?

[17:38] குமரன்: ரகசியமே இல்லை மாமா. ஸ்கேனர் என்ற ரேடியோ வாங்கினால் எங்கள் பேச்சை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், அர்த்தமும் எல்லோருக்கும் தெரியும். நேரம் மிச்சம் பிடிக்கத்தான் வந்தது. 1937 வாக்கில் இல்லினாய் மாநிலப் போலீஸில் சார்லஸ் ஹாப்பர் என்ற தகவல் தொடர்பு அதிகாரி உருவாக்கினாராம். அப்போது எல்லோருக்கும் சேர்த்து ஒன்றிரண்டு அலைவரிசைதான். ஒருவர் கதை பேசினால் மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

[17:40] சித்தி: நம் குழு மாதிரி.

[17:43] குமரன்: முன்னால் ஏன் ஒவ்வொன்றிலும் 10 தெரியுமா மாமா? நீங்கள்தான் ரசிப்பீர்கள். அது வால்வு செட் காலம். பித்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் சுற்றி வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரமாகும். முதல் அசை காற்றில் போய்விடும். அதனால் போனாலும் பரவாயில்லை என்று முன்னால் ஒரு ‘பத்து’. அது விழுங்கப்பட்டாலும் பின்னால் வரும் எண் பிழைத்துக்கொள்ளும்.

[17:47] மாமா: அடடா! நான் சேர்ந்த புதிதில் ஒரு பழைய வால்வு செட் கிடந்தது. “பித்தானை அழுத்து, மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணு, அப்புறம் வாயைத் திற” என்று எங்கள் ஏட்டையா தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். காரணம் சொன்னதே இல்லை. இத்தனை வருடம் கழித்து நீ சொல்கிறாய்.

[17:49] சித்தி: அப்படியானால் ரகசியம் என்று காலையில் சொன்னது தப்பு. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

[17:50] மாமா: ஒப்புக்கொள்கிறேன்.

[17:58] பிரியா: குமரா, நான் படித்ததும் பொய் இல்லையே? இறுதிச் சடங்கில் சொல்வது?

[18:06] குமரன்: அதுவும் உண்மைதான் அக்கா. ஒரே எண்ணுக்கு இடத்துக்கு ஒரு அர்த்தம். இன்னொன்று சொல்கிறேன். 10-13 என்பது பொதுப் பட்டியலில் வானிலையும் சாலை நிலவரமும். நியூயார்க் போலீஸில் அதே 10-13-ஐச் சொன்னால் காவலர் ஒருவர் ஆபத்தில் இருக்கிறார், எல்லோரும் ஓடி வாருங்கள் என்று அர்த்தம்.

[18:08] சித்தி: ஒருவன் உயிருக்குக் கத்துவான், இன்னொருவன் மழை வருகிறதா என்று பார்ப்பான்!

[18:16] குமரன்: அதேதான் சித்தி. நாட்டில் சுமார் 18,000 போலீஸ் அமைப்புகள், 29,000-க்கு மேல் தீயணைப்புத் துறைகள். தனித்தனியாக வேலை செய்யும்வரை சிக்கல் இல்லை. 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது எல்லா ஊர்க்காரர்களும் ஒரே இடத்தில் குவிந்தார்கள், ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு மத்தியப் பேரிடர் அமைப்பு, பல துறைகள் சேரும் இடத்தில் கோடு வேண்டாம், வெறும் பேச்சு மொழியில் பேசுங்கள் என்று சொல்லிவிட்டது. நியூயார்க்கில் இன்னும் பத்துதான் ஓடுகிறது.

[18:21] மாமா: இரட்டைக் கோபுரத்திலும் இதே கதை என்று படித்திருக்கிறேன்.

[18:29] குமரன்: அது கோடுகூட இல்லை மாமா, செட்டே வேறு. போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் கட்டடம் நிற்காது என்று தங்கள் ரேடியோவில் எச்சரித்தார்கள். உள்ளே படியேறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களிடம் அந்த ரேடியோ இல்லை. அன்று அவர்களில் 343 பேர். எங்கள் ஸ்டேஷன் சுவரில் அந்த எண் எழுதியிருக்கிறது. அதற்கு மட்டும் யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

[18:41] அம்மா: நேற்று எத்தனை ஊர்க்காரர்கள் வந்தார்கள்?

[18:45] குமரன்: மூன்று ஊர் அம்மா. பக்கத்து ஊருக்கும் சேர்த்துத்தான் பேஜர் போகும். யார் ஊரில் தீயோ அந்த ஊர்த் தலைவர்தான் அங்கே தலைவர், மற்றவர்கள் அவர் சொல் கேட்க வேண்டும். மாமா காலையில் கேட்டதற்குப் பதில் அதுதான். அவர் நேற்று முதலிலேயே சொல்லிவிட்டார், எண் எதுவும் வேண்டாம், வாயால் பேசுங்கள் என்று. “இரண்டாவது மாடி சமையலறை, ஆள் இல்லை, தண்ணீர் விடுகிறோம்”, அவ்வளவுதான்.

[18:46] பிரியா: அங்கே ஒழுங்காகப் பேசிவிட்டு, அம்மாவிடம் மட்டும் 10-7!

[18:46] குமரன்: :(

[18:52] குமரன்: ஒரே ஒரு சொல் மட்டும் எல்லா ஊரிலும் அப்படியே இருக்கிறது. மேடே. உள்ளே போனவர் மாட்டிக்கொண்டால் அதைச் சொல்வார். மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

[18:55] மாமா: அது விமானக்காரர்கள் சொல். 1923 வாக்கில் லண்டன் குரோய்டன் விமான நிலைய ரேடியோ அதிகாரி கொண்டுவந்தது. பாரிஸுக்கும் லண்டனுக்கும் இடையில்தான் விமானங்கள் அதிகம் போய்வரும் என்பதால், எனக்கு உதவு என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஓசையில் வைத்தார்.

[18:56] அம்மா: நீ அந்தச் சொல்லைச் சொல்லவே வேண்டாம்.

[18:57] குமரன்: நான் தெருக்குழாய் அம்மா.

[19:10] மாமா: மருமகனே, அந்தப் பேஜர் சத்தத்தை ஒருமுறை ஒலிப்பதிவாக அனுப்பு. இரண்டு சுரம் என்று படித்தேன்.

[19:21] குமரன்: (குரல் பதிவு, 6 விநாடி)

[19:23] குமரன்: முதல் சுரம் ஒரு விநாடி, இரண்டாவது மூன்று விநாடி. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு ஜோடி. பக்கத்து ஊர் ஜோடி மட்டும் வந்தால் என் பேஜர் தூங்கும். எங்கள் ஜோடியும் சேர்ந்து வந்தால்தான் கண் விழிக்கும்.

[19:25] மாமா: அருமை. நாலு தடவை கேட்டுவிட்டேன்.

[19:26] சித்தி: எங்கள் வீட்டு நாய் குரைக்கிறது.

[19:31] அம்மா: நானும் கேட்டேன். இதைக் கேட்டால் உனக்கு வயிறு கலங்காதா?

[19:38] குமரன்: கலங்கும் அம்மா. காரில் ஏறும்வரை.

[19:39] அம்மா: சரி. இன்றைக்குச் சோறு வை.