கோதையாறு ரோடு, காளிகேசம், மாத்தூர்: மலைப்பக்கம் போய் மனசில் நிற்கிற ஒன்றைச் சொல்லுங்கள்

வில்லுக்குறிவாசி:

நம் குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை அணை தாண்டி கோதையாறு போகிற மலை ரோடு இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலம், மழை விட்ட நேரம். நானும் சித்தி மகனும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். குற்றியாறுக்கும் மோதிரமலைக்கும் நடுவில் ஒரு வளைவில் எங்களுக்கு முன்னால் போன பஸ் நின்றது. என்ஜினும் அணைந்தது. டயர் கோளாறாக இருக்கும் என்று நினைத்து அவன் ஹார்ன் பக்கம் கட்டைவிரலைக் கொண்டு போனான்.

அப்போது டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை கீழே பார்த்து, விரல்கள் விரிந்து. ஆட்டவில்லை, 'நில்' என்று சைகை காட்டவில்லை. அப்படியே நின்றது. பஸ்ஸுக்கு அந்தப்பக்கம் மூங்கில் ஒடிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் ஒடிகிற சத்தம், இந்தத் தடவை பக்கத்தில்.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் யானையைப் பார்த்திருக்கிறார்கள். குட்டியும் இருந்தது என்று சீரோ பாயிண்ட் என்கிற இடத்தில் டீ குடிக்கும்போது சொன்னார்கள். நான் பார்த்ததெல்லாம் அந்தக் கை, மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு, முழங்கையில் வழிந்த தண்ணீர். முன்னால் குட்டியோடு யானை நிற்கும்போது, பின்னால் ஒரு பைக் வருகிறது, அந்தப் பையன் ஹார்ன் அடித்துவிடுவான் என்று அந்த மனுஷனுக்கு எப்படித் தோன்றியது? அதுதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

இந்த மாதிரி ஒன்று உங்களுக்கும் இருக்கும். எழுதுங்கள்.

மார்த்தாண்டம் சந்தை:

எனக்கு யானை இல்லை, தண்ணீர். காளிகேசம் ஆறு. ஒக்கி புயலுக்கு முந்தின வருஷம், அதாவது 2016. கல்லூரிக் கூட்டாளிகளோடு வேனில் கீரிப்பாறை வழியாகப் போயிருந்தோம். கண்ணாடி போலத் தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். மேலே வானம் நீலம். ஒரு மேகம் கிடையாது. அதை அழுத்திச் சொல்கிறேன்.

பாறையில் பிரியாணிப் பானையை இறக்கி வைத்திருந்தோம். ரப்பர் பால் வாளியோடு அக்கரையில் நடந்து போன ஒரு பெரியவர் திடீரென்று நின்றார். எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார். "கேறுங்கலே! கேறு, கேறு!" என்று கத்தினார். நாங்கள் சிரித்தோம். அப்புறம்தான் தண்ணீரில் காய்ந்த இலையும் சுள்ளியும் வருவதைப் பார்த்தோம். கரைக்கு ஏறித் திரும்புவதற்குள் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை இல்லை. பானை மிதந்து போகிறது, மூடி மட்டும் ஒரு சுழலில் மாட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீரின் நிறம் சாயா நிறம்.

மறுநாள் பேப்பரில் மழைக் கணக்கைப் பார்த்தேன். மலைமேல் இருக்கிற பாலமோரில் நல்ல மழை. நாகர்கோவிலில் ஒரு சொட்டு இல்லை. பேப்பரில் தினமும் சின்ன எழுத்தில் போடுகிற அந்தப் பட்டியலை அதற்கு முன்னால் யார் படித்தார்கள்? இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன். பெரியவருக்கு நன்றி சொல்லலாம் என்று அக்கரையைப் பார்த்தோம், ஆள் இல்லை. அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

பால்வெட்டு:

மார்த்தாண்டத்துக்காரர் கோபப்பட வேண்டாம். ஆற்றுப் பாறையில் பானையை வைத்துச் சமைத்துச் சாப்பிட்டால் மிச்சமெல்லாம் எங்கே போகிறது? கீழே இருக்கிறவர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம். சரி, அதை விடுங்கள்.

என் கதை சின்னது. நான் தடிக்காரன்கோணம் பக்கம், ரப்பர் வெட்டுத் தொழிலாளி. விடியும் முன்னே தலையில் டார்ச் கட்டிக்கொண்டு போவோம். ஒருநாள் மரத்தடியில் குனிந்தபோது வெளிச்சத்தில் ஆவி பறந்தது. யானைப் பிண்டம், அதாவது சாணம். சூடு ஆறவில்லை. போட்ட ஆள் எங்கே நிற்கிறது என்று டார்ச்சைச் சுற்றிக் காட்டவும் பயம், அணைக்கவும் பயம். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் வெட்டின பட்டை கோணல், கங்காணி திட்டினார்.

இனி நான் சொல்ல வந்தது. வெளியூர்க்காரர்கள் நிறைய பேர் இதைப் படிப்பார்கள், அதனால்தான்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமும் பெய்யும், அக்டோபருக்கு மேல் வடகிழக்கும் பெய்யும். சென்னைக்காரர் ஜூலையில் 'வெயில் காலம்தானே' என்று கிளம்பி வருகிறார். இங்கே திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். வந்துவிட்டோமே என்று நேரே காளிகேசம் போகிறார்கள். ஆறு வேறாக இருந்தாலும் மேலே ஒரே மலைதானப்பா! ஆற்றில் இலை, சுள்ளி, நுரை, கலங்கல், இதில் எது வந்தாலும் செருப்பைத் தேடாமல் ஏறிவிட வேண்டும். மேலே மழை பெய்தால் கீழே சத்தம் வரும் முன்னே நிறம் வந்துவிடும்.

அட்டை கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள். உப்பை ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டு தொட்டால் தானே விழும். நாங்கள் சுண்ணாம்பு தடவுவோம். கடித்த இடத்தில் ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. சிகரெட்டால் சுடுகிறேன் என்று தன் காலைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யானை நின்றால் ஹார்ன் கூடாது, கூச்சல் கூடாது, போனில் பிளாஷ் போட்டுப் படம் எடுக்கவே கூடாது. வண்டியை விட்டு இறங்காதீர்கள். இடைவெளி விட்டு நில்லுங்கள், திரும்பிப் போகும் வழியை அடைக்காமல் நில்லுங்கள். பின்னால் வருகிறவன் முட்டிக்கொண்டு நிற்பதுதான் பெரிய ஆபத்து. முன்னால் இருக்கிறவன் பின்னால் எடுக்க முடியாது. பஸ் டிரைவர் கை காட்டினது அதற்காகத்தான். அதிசயம் ஒன்றுமில்லை, தினமும் ஓட்டுகிறவர், கண்ணாடியில் பார்த்திருப்பார்.

வில்லுக்குறிவாசி:

அண்ணாச்சி, ஹார்ன் அடித்தோம் என்று நான் எங்கே எழுதினேன்? அடிக்கப் போனான், அடிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்திருப்பார் என்பது எனக்கும் தெரியும். முன்னால் யானை நிற்கும்போது எவன் கண்ணாடியைப் பார்ப்பான் என்பதுதான் என் கேள்வி.

தக்கலைக்காரன்:

நான் பார்த்தது அரிக்கொம்பன், அரிசி தேடி வருகிற அந்தக் கேரளத்துத் தந்த யானை. நம்புகிறவர்கள் நம்புங்கள். 2023 ஜூலை, கீழ் கோதையாறு. மச்சானுடைய கூட்டாளி வீட்டு மாடியில் படுத்திருந்தோம். ராத்திரி நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைப்பை நிறுத்தின. எட்டிப் பார்த்தால் கீழே அடைத்துக் கிடந்த கடைக்கு முன்னால் நிற்கிறது. கொம்பன். கடையின் தகரக் கதவைத் தும்பிக்கை நுனியால் மேலிருந்து கீழ்வரைக்கும் மெதுவாகத் தடவியது. இடிக்கவில்லை. பூட்டு வந்த இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் இரண்டு தரம் தொட்டது. உள்ளே அரிசி மூட்டை இருந்தது என்று காலையில் கடைக்காரர் சொன்னார். அரிசியைத் தேடி வருகிற யானை வேறு எது?

களியல்பாலம்:

தக்கலை நண்பரே, நீங்கள் யானையைப் பார்த்தீர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2023க்குப் பிறகு குமரி மாவட்டத்தில் எவன் கொம்பனைப் பார்த்தாலும் அரிக்கொம்பன்தான் என்கிறான். அதற்கு முன்னால் இங்கே யானையே இல்லாத மாதிரி.

அரிக்கொம்பனைக் கேரளத்துச் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் கடைசியில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அங்கிருந்து மே மாதக் கடைசியில் கம்பம் ஊருக்குள் வந்தது. ஜூன் 5ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் கொண்டுவந்து விட்டது மேல் கோதையாறு, முத்துக்குழிப் பக்கம். கழுத்தில் ரேடியோ காலர். கழுத்தில் பட்டை இருந்ததா என்று ஒரு வரி எழுதியிருந்தால் வாதமே இல்லை. மேல் கோதையாறு வேறு, கீழ் கோதையாறு வேறு என்பதாவது தெரியுமா? நடுவில் செங்குத்து மலை. அரிசி வாசனைக்கு எந்த யானையும் வரும்.

மேல், கீழ் என்றதும் என்னுடையதையும் எழுதிவிடுகிறேன். அப்பா கோதையாறு மின்நிலையத்தில் வேலை பார்த்தார். 60 மெகாவாட், 40 மெகாவாட் என்று இரண்டு மின்நிலையங்கள் அங்கே. கீழிருந்து மேலே போக விஞ்ச் இருந்தது, மலையோடு ஒட்டிப் போட்ட தண்டவாளத்தில் இரும்புக் கயிறு இழுக்கிற பெட்டி. சின்ன வயதில் அப்பாவோடு அதில் ஏறியிருக்கிறேன். ஏறும்போது ராட்சசக் குழாய்கள் பக்கத்திலேயே வரும். பாதி வழியில் கயிற்றின் முனகல் நின்றது. பெட்டியும் நின்றது. கீழே பார்த்தால் குவார்ட்டர்ஸ் கூரைகள். எங்கள் வீட்டு வாசலில் காயப்போட்டிருந்த அம்மாவின் சிவப்புச் சேலையை நான் அடையாளம் கண்டேன். அப்பாவிடம் காட்டினேன். அவர் பார்க்கவில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விஞ்ச் இழுக்க ஆரம்பித்தது.

பெரியவனாகி அதே மேல் கோதையாறுக்குக் காரில் போனேன். களியலிலிருந்து கிளம்பி, நாகர்கோவில், ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் காற்றாலைகள், நாங்குநேரி, அம்பாசமுத்திரம், மணிமுத்தாறு செக்போஸ்டில் அனுமதி, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. ரோட்டில் போகிறவனுக்கு அந்த ஒரு வழிதான். வழியெல்லாம் தேயிலை, பனி, நல்ல காட்சிதான், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்கு மட்டும் எரிச்சல். மலையுச்சியில் போய் நின்று எட்டிப் பார்த்தால் தெரிவது நான் காலையில் விட்டுவந்த பக்கம். ஒரு பகல் முழுக்க மலையைச் சுற்றி வந்து, எங்கள் பழைய வீட்டுக்கு நேர் மேலே நிற்கிறேன். மகளிடம் சேலைக் கதையைச் சொன்னேன். "இவ்வளவு தூரத்திலிருந்து சேலை தெரியாதுப்பா" என்றாள். தெரிந்தது.

தக்கலைக்காரன்:

இருட்டில் கழுத்துப் பட்டையைத் தேட நான் டார்ச் அடித்திருக்க வேண்டுமா? மேலே பால்வெட்டு அண்ணன் வேண்டாம் என்கிறார், நீங்கள் வேண்டும் என்கிறீர்கள்.

மாத்தூர் மருமகள்:

ஆண்கள் யானைச் சண்டையை முடித்தீர்களா? நான் சொல்வது மாமியாரைப் பற்றி.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, சென்னையிலிருந்து வந்த நாத்தனார் குடும்பத்தோடு பேச்சிப்பாறை, திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று ஒரு சுற்று. திற்பரப்பில் கூட்டம், எண்ணெய்க் குளியல், மட்டிப்பழம், வழக்கம்போல. மாத்தூரில்தான். கால்வாய்த் தண்ணீரைச் சுமக்கிற பாலம், பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரம். எனக்கு மொட்டை மாடி ஓரத்துக்குப் போனாலே கால் கூசும். பாதிப் பாலத்தில் நின்றுவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் பிள்ளைகள் வீடியோ எடுக்கிறார்கள்.

அத்தை முன்னால் போனவர் திரும்பி வந்தார். எழுபது தாண்டியவர், முட்டு வலி என்று வீட்டில் மாடிப்படியே ஏறமாட்டார். என் பக்கத்தில் நின்று காலால் பாலத்தை ஓங்கி மிதித்தார். "இது ஒண்ணும் செய்யாது மக்ளே. நான் மண்ணு சுமந்த பாலமாக்கும்" என்றார்.

1960களில் பாலம் கட்டும்போது அவருக்குப் பதின்மூன்று பதினாலு வயது இருக்கும். அம்மாவோடு வந்து மண்ணும் ஜல்லியும் சுமந்திருக்கிறார். காமராஜர் காலத்துத் திட்டம் என்று போர்டில் படிக்கிறோம், ஊர்ப் பெருமை பேசுகிறோம். இவர் அந்த ஊருக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு யாரிடமும் சொன்னதில்லை. மகனுக்கே தெரியாது. ஏன் அத்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "கேட்டியளா?" என்றார்.

அதற்கப்புறம் நான் எழுந்து நடந்தேனா என்றால் இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்துதான் கரை சேர்ந்தேன். அவர் என் வேகத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார், எந்தத் தூணுக்கு மேலே இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே.

பால்வெட்டு:

உயரப் பயம் உள்ளவர்கள் தூரத்தைப் பார்க்க வேண்டும், கீழே பார்க்கக் கூடாது. வெறும் வயிற்றில் போகக் கூடாது. எலுமிச்சம்பழம் ஒன்று கையில் வைத்துக்கொண்டு முகர்ந்தபடி நடந்தால் தலைசுற்றல் வராது என்று சிலர் சொல்வார்கள். பாலத்தின் கீழே படிக்கட்டு வழியாக இறங்கித் தூண்களை அடியிலிருந்து பார்ப்பது அதைவிட நல்லது, பயமும் இல்லை. வெயிலுக்கு முன்னால் போங்கள்.

மாத்தூர் மருமகள்:

அண்ணே, நான் வழி கேட்கவில்லை.

அருமனை அந்தி:

தோட்டமலைக்குப் படகில் போனவர்கள் யாரும் எழுதவில்லையே. பேச்சிப்பாறை அணையை 1906இல் முடித்த மிஞ்சின் துரையை, அதாவது நம் ஊர் மூக்கன் துரையை, எல்லாரும் பேசுவார்கள். அவர் கல்லறையோடு செல்பி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அணைத் தண்ணீருக்கு அந்தப்பக்கம் காணிப் பழங்குடி மக்கள் இருக்கிறார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

நண்பன் ஒருவனுக்கு அங்கே கிராம்பு வாங்குகிற வேலை, கூடப் போனேன். படகில் சிலிண்டர், அரிசி, யூனிபார்ம் போட்ட பிள்ளைகள். தண்ணீர் குறைந்திருந்த மாதம். படகோட்டி நேராகப் போகாமல் இப்படியும் அப்படியும் ஒடித்துக்கொண்டே போனார். வெறும் தண்ணீரில் எதற்கு இந்த வளைவு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் துடுப்பை ஓரிடத்தில் நேராக இறக்கினார். 'டொக்'. அடியில் மரக்கட்டை. ஒரு முழம் ஆழம்கூட இல்லை. மேலே ஒரு அடையாளமும் கிடையாது. அப்புறம் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒருத்தி எனக்காக, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று விரல் நீட்டிக்கொண்டே வந்தாள். அவள் காட்டிய இடத்திலெல்லாம் படகு விலகியது. அவள் காட்டித்தான் அவர் ஓட்டுகிறாரோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

களியல்பாலம்:

தண்ணீர் நிறைந்திருக்கும்போது அந்தக் கட்டையெல்லாம் ஆழத்தில் போய்விடும், நேராகவே ஓட்டுவார்கள். அது சரி, இந்த வாரம் யாராவது மோதிரமலைப் பக்கம் போனீர்களா? குற்றியாறு தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கிளம்பலாமா என்று பார்க்கிறேன்.

வில்லுக்குறிவாசி:

நேற்று பஸ் மோதிரமலையோடு திரும்பிவிட்டது. ஞாயிறு வேண்டாம்.