ஃபிரிட்ஜை பீர் குழாயாக மாற்றியவர்கள் சொல்லுங்கள்: எங்கே சொதப்பும்?

ஃபிரிட்ஜுக்குள் பீர் கெக்கை (பீர் அடைக்கும் உலோக உருளை) வைத்து, வெளியே குழாய் பொருத்தி ஊற்றுகிற ஏற்பாடு இது. அளவிலிருந்து ஆரம்பிப்போம். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அதிகம் வைத்திருப்பது 5 காலன் (19 லிட்டர்) கார்னி கெக். ஒரு காலத்தில் சோடா சிரப் அடைத்து வந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டப்பாதான் அது. குறுக்களவு சுமார் 9 அங்குலம், உயரம் 25. அட்டையில் 9 அங்குல வட்டம் வெட்டி ஃபிரிட்ஜுக்குள் வைத்துப் பார்த்துவிடுங்கள். பின்பக்கம் கீழே கம்ப்ரஸருக்காக ஒரு திண்டு நீட்டிக்கொண்டிருக்கும், பலர் கணக்கு தப்புவது அங்கேதான். இரண்டு கெக் கொள்ளாவிட்டால், கதவின் உள்பக்கமுள்ள முட்டைத் தட்டு, பாட்டில் தட்டை அறுத்தெடுங்கள். இரண்டு அங்குலமாவது கிடைக்கும்.

⁂

பீர் குழாய்க்கான துளையைக் கதவில் போடுங்கள். பக்கச் சுவரில் ஃபிரிட்ஜின் சூடான குளிரூட்டி கேஸ் குழாய்கள் ஓடலாம். ஒன்று பொத்துக்கொண்டாலும் ஃபிரிட்ஜ் குப்பைக்குத்தான். உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் R600a என்றிருந்தால் அது தீப்பற்றும் கேஸ், விளையாடாதீர்கள்.

சுவரில்தான் வேண்டுமென்றால் சோள மாவை ரப்பிங் ஆல்கஹாலில் குழைத்து, மெல்லிசாகப் பூசி, ஃபிரிட்ஜை ஓடவிடுங்கள். குழாய் போகும் இடம் முதலில் காய்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆல்கஹால் ஆவி போகும்வரை பக்கத்தில் அடுப்பு, தீப்பெட்டி கூடாது. கோட்டை விட்டுத் தள்ளித் துளையிடுங்கள். கோடே தெரியவில்லை என்பதற்காகக் குழாயே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஷாங்க் (கதவுக்குள் நுழைந்து ட்யூபையும் குழாயையும் இணைக்கும் உலோகக் குழல்) 7/8 அங்குலம், ஹோல் சாவும் (வட்டத் துளை போடும் ரம்பம்) அதே அளவு. கதவின் தடிமனை அளந்த பிறகு ஷாங்க் வாங்குங்கள். ஃபிரிட்ஜின் மேலே டவர் (குழாய் பொருத்திய தூண்) வைப்பது பார்க்க அழகுதான், ஆனால் அதற்குள் குளிர் ஏறாது. முதல் கிளாஸ் முழுக்க நுரையாக வரும்.

⁂

நுரைக்குப் பாதிக் காரணம், கெக்கிலிருந்து குழாய்க்குப் பீர் வரும் ட்யூபின் நீளம். கிட்டோடு பெரும்பாலும் 5 அடிதான் தருவார்கள். 3/16 அங்குல உள்விட்ட வினைல் ட்யூப் என்றால் 10 அடியில் தொடங்குங்கள். கெக்கில் பீரைத் தள்ளும் CO2 கேஸின் அழுத்தம் 12 psi (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு) இருக்கிறது. அந்த அழுத்தம் ட்யூப் நெடுக உரசி உரசிக் குறைந்து குழாய்க்கு வர வேண்டும். ட்யூப் குட்டையாக இருந்தால் பீர் வேகமாகப் பாய்ந்து, குழாய் வாயிலேயே கேஸ் பிரிந்துவிடும். ஊற்றுவது ரொம்ப மெதுவாக இருந்தால் அரையடி அரையடியாக வெட்டிக்கொள்ளலாம்.

எல்லோரும் செய்கிற தப்பு, நுரை வந்ததும் ரெகுலேட்டரை (சிலிண்டரிலிருந்து வரும் கேஸ் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) 5 psi-க்கு இறக்குவது. அன்றைக்குச் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். பிறகு பீரிலிருந்தே கேஸ் பிரிந்து ட்யூபில் அங்கங்கே வெள்ளை இடைவெளியாக நிற்கும், திறந்ததும் துப்பும். 38°F (3°C) குளிரில் 12 psi வைத்து இரண்டு வாரம் தொடாமல் விடுங்கள்.

குழாயை முழுசாகத் திறக்கணும். சிக்கனமாகப் பாதி திறந்தால் அதுவே நுரை அடிக்கும்.

⁂

ட்யூப் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் இரண்டாவது கிளாஸ் நன்றாக வந்து முதல் கிளாஸ் மட்டும் நுரைத்தால் ட்யூப் காரணமில்லை. கெக்கின் அடியில் குளிர், கதவுப் பக்கம் வெதுவெதுப்பு, அதுதான் விஷயம். கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் ஃபேன் ஒன்றை அடியிலிருந்து மேல் நோக்கி ஓடவிட்டால் போதும்.

⁂

பீரைத் தள்ளும் CO2 கேஸ் சிலிண்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே? நிமிர்த்தியே வையுங்கள், படுத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போய்விடும். ஃபிரிட்ஜுக்குள் வைத்ததும் ரெகுலேட்டரில் சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் முள் இறங்கும். கசிவு என்று பதற வேண்டாம், குளிரில் அழுத்தம் அப்படித்தான். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அசையாது, தீர்ந்ததும் மடமடவென விழும். அதனால் முள்ளைப் பார்த்து அளக்க முடியாது, தராசில்தான் நிறுக்கணும். காலி எடை கழுத்தில் TW என்று பொறித்திருக்கும்.

நிஜக் கசிவு பெரும்பாலும் கெக் மூடியின் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) இருக்கும். உணவுக்கு ஆகும் கெக் லூப் (வழவழப்புக் களிம்பு) தடவி, மூடியைப் பூட்டி, முதலில் 30 psi கொடுத்து அழுத்தி உட்காரவையுங்கள். பிறகு சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழ் வருகிற இடம் தெரிந்துவிடும்.