மறு: ரக்பி நோட்டீஸ் – நாக்-அவுட்டுக்குத் தமிழ் உண்டா?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

மன்னார்குடித் தம்பி கேட்டது ஒரே ஒரு வரி. சம்பா அறுப்பு முடிந்ததும் நடத்தப்போகிற எழுவர் ரக்பிக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும், "நாக்-அவுட் முறையில் நடைபெறும்" என்பதைத் தமிழில் எப்படிப் போடுவது என்று. அதற்குள் இழை அனுமார் வாலாக நீண்டுவிட்டது. இதுவரை வந்தவை:

> ஒழிப்புமுறைக் கோப்பை
> வெளியேற்றக் கோப்பை
> ஆட்டமிழப்புக் கோப்பை

ஒழிப்பு என்றதும் கொசுவும் கள்ளச்சாராயமும்தான் நினைவுக்கு வருகின்றன. வெளியேற்றம் பரவாயில்லை, ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வயல் தண்ணீரை வடியவிட நாம் படும் பாட்டைத்தான் அது சொல்கிறது. ஆட்டமிழப்பைக் கிரிக்கெட்காரர்கள் எப்போதோ வளைத்துப் போட்டாயிற்று. அங்கே ஒரு மட்டையாளர் போகிறார், இங்கே அணியே மூட்டை கட்டுகிறது.

"கபடி நோட்டீஸிலும் கால்பந்து நோட்டீஸிலும் நாக்-அவுட் என்றுதான் அடிக்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?" என்று கும்பகோணம் அண்ணன் கேட்டிருந்தார். கபடிக்கும் கால்பந்துக்கும் நானும் அப்படியே விட்டுவிடுவேன். ரக்பியில் விட முடியாது. காரணம், அந்த ஆட்டத்தில் ஏற்கெனவே ஒரு 'நாக்' உட்கார்ந்திருக்கிறது.

ரக்பி பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பந்தைக் கையால் பின்னாலோ பக்கவாட்டிலோதான் கொடுக்கலாம், முன்னால் எறியக் கூடாது. பிடிக்கப் போன பந்து கையில் பட்டு முன்னால் போய்த் தரையிலோ இன்னொருவர் மேலோ பட்டுவிட்டால் அதன் பெயர் நாக்-ஆன். ஆட்டம் நிற்கும், இரு அணி முன்வரிசையும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம்மில் எதிரணி பந்தை உள்ளே இடும். புது அணிகள் ஆடும்போது அடிக்கடி விசில் ஊதுவது இதற்காகத்தான். ஒலிபெருக்கிக்காரர் "நாக்-ஆன்... நாக்-ஆன்..." என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நடுவே "நாக்-அவுட்" என்றால் திடலோரம் நிற்கும் பெரியவருக்கு எது பந்து போனது, எது அணி போனது என்று எப்படித் தெரியும்? ஒரே விதித்தாளில் இந்த இரண்டும் அடுத்தடுத்த வரியில் வரும். ஒன்றையாவது தமிழாக்கியே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டையும்.

நாக்-ஆனுக்கு 'முன்நழுவல்' என்கிறேன். கைநழுவிப் போயிற்று என்று நாம் அன்றாடம் சொல்வதுதான், திசையை மட்டும் சேர்த்திருக்கிறது. 'முன்தட்டல்' என்று தஞ்சாவூர் அக்கா எழுதியதையும் தள்ள வேண்டாம். வேண்டுமென்றே பந்தை முன்னால் தட்டிவிட்டால் அது வேறு குற்றம், எதிரணிக்குப் பெனால்ட்டி. தெரியாமல் போனால் முன்நழுவல், தெரிந்தே செய்தால் முன்தட்டல். ஆங்கிலக்காரர்கள் அடைமொழி போட்டுப் பிரிப்பதை நாம் வினையிலேயே பிரித்துவிடலாம்.

நாக்-அவுட்டுக்கு வருவோம். அடித்து வெளியே தள்ளுவது என்ற படத்தை விட்டுவிட்டு, என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு தோல்வி, அதோடு சரி. அதனால் 'ஒருதோல்வி முறை'. இரண்டு முறை தோற்றால்தான் போக வேண்டும் என்ற ஏற்பாடும் சில விளையாட்டுகளில் உண்டு, அது தானாகவே 'இருதோல்வி முறை' ஆகிவிடும். குட்டி போடுகிற சொல்தான் நல்ல கலைச்சொல்.

கோப்பை கோப்பையாகவே இருக்கட்டும். இலங்கைத் தமிழர் கிண்ணம் என்பார்கள், அழகான சொல்தான். நம் பக்கம் கிண்ணம் என்றால் ரசம் ஊற்றுவார்கள்.

கோப்பை என்றதும் ஒரு கதை. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ரக்பியில் மோதும் கல்கத்தா கோப்பை நம் நாட்டு வெள்ளி. கல்கத்தாவில் 1873இல் தொடங்கிய வெள்ளைக்காரர் கிளப் ஒன்று சில ஆண்டுகளிலேயே கலைந்தது. வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கிக் கோப்பை செய்து லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். கைப்பிடி மூன்றும் நாகம், மூடிமேல் யானை. கிளப் அணிகள் ஆண்டுதோறும் மோத அது பரிசாக இருக்க வேண்டும் என்பது கொடுத்தவர்கள் ஆசை, கால்பந்தில் 1871இலேயே எஃப்.ஏ. கோப்பை தொடங்கியிருந்ததல்லவா? ஆட்டத்தை அங்கே நடத்திய ரக்பி யூனியன் என்ற சங்கத்தின் பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. கிளப் ஆட்டம் நட்பாட்டமாகவே இருக்கட்டும் என்று கோப்பையை நாடுகளுக்கு ஒதுக்கினார்கள், 1879 முதல் அப்படித்தான். இங்கிலாந்து கிளப்புகளுக்குத் தேசிய அளவில் ஒருதோல்விக் கோப்பை வர 1971–72 ஆகிவிட்டது. நம் ரூபாய் அங்கே போய் நூறு வருஷம் காத்திருந்தும் நினைத்த வேலை கிடைக்கவில்லை!

இப்படிக்கு,
திருவாரூரிலிருந்து

-----

ஐயாவுக்கு வணக்கம்.

ஒருதோல்வி முறை பசங்களுக்குப் பிடித்துவிட்டது. முன்நழுவலும் சரி. நடுவர் விசிலும் கையுமாகப் பேசிக்கொள்வார், சொல் மைக் பிடிக்கிறவருக்குத்தான் வேண்டும்.

ஆனால் இரண்டு சிக்கல். முதல் சுற்றில் தோற்ற அணிகளுக்கு நாங்கள் தனியாக ஒரு கோப்பை வைத்திருக்கிறோம். ஊர் விட்டு ஊர் வேன் பிடித்து வந்தவனை ஏழும் ஏழும் பதினான்கு நிமிஷம் ஆடிவிட்டுப் போ என்றால் அடுத்த வருஷம் வருவானா? ஒரு தோல்வியோடு சரி என்று அடித்துவிட்டால் அந்த அணிகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

பை என்றதும் அடுத்த சிக்கல். 11 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவதற்கு ஆங்கிலத்தில் 'பை' (bye), அதனால் "5 அணிகளுக்குப் பை" என்று வரைவில் போட்டோம். படித்துப் பார்த்த ஒருவர், துணிப்பையா, அதில் என்ன வைத்துக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தஞ்சாவூர் அக்கா சொன்ன 'சுற்றுவிலக்கு' போடலாமா?

காசு வாங்காமல் ஆடுகிறவர்களைக் குறிக்கும் 'அமெச்சூர்' என்பதையும் எடுத்துவிட்டுப் 'பயில்முறை' என்று போடச் சொல்கிறார்கள்.

-----

தம்பி,

அமெச்சூரைத் தொடாதீர்கள். கபடிக் கழகங்களின் பெயர்ப்பலகையிலேயே இருக்கிற சொல். பயில்முறை நாடகத்துக்குப் பொருந்தும், நோட்டீஸில் போட்டால் பயிற்சி முகாம் என்று நினைத்துப் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். ரக்பியில் அந்தச் சொல்லுக்குப் பெரிய வழக்கே நடந்திருக்கிறது. சனிக்கிழமை வேலையை விட்டு ஆட வந்தவருக்குப் போன கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டையில்தான் 1895இல் வட இங்கிலாந்து கிளப்புகள் பிரிந்து போயின, ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் அப்படிப் பிறந்தது. கூடாது என்று நின்ற யூனியன்காரர்கள் 1995இல்தான் காசுக்குக் கதவு திறந்தார்கள். கூலி போகும் என்று ஆடவராத பையன்கள் நம் ஊரிலும் உண்டு, அதைத் தனியாகப் பேசுவோம்.

விலக்கு வேண்டாம். வரிவிலக்கு என்றால் லாபம், ஊர்விலக்கு என்றால் அவமானம், அந்த 5 அணிகளும் எது என்று புரியாமல் சண்டைக்கு வரும். கணக்கைப் பாருங்கள். காலிறுதிக்கு 8 அணி வேண்டும். எல்லா அணியும் முதல் சுற்றில் ஆடி எட்டாவதற்கு 16 வேண்டும், அதற்கு 5 குறைகிறது, அதனால் 5 அணி முதல் சுற்றில் ஆடுவதில்லை. மீதி 6 அணிகளில் 3 ஜெயித்து வரும், 5ம் 3ம் எட்டு. ஆடாமலே தேறியது, ஆகவே 'ஆடாத் தேர்ச்சி'. எதிரணி வராததால் கிடைக்கும் வெற்றி வேறு, அது தேர்தலில் போட்டியின்றித் தேர்வாவது போன்றது. வராத அணியின் கணக்கில் அதை 'வராத்தோல்வி' என்று எழுதுங்கள்.

உங்கள் முதல் சிக்கலுக்கு ஆறுதல் பரிசு இருக்கிறதே, 'ஆறுதல் கோப்பை' என்று வையுங்கள். முதல் சுற்றில் தோற்பது 3 அணிதான் என்பதால் அதை மட்டும் லீக்காக, அதாவது ஒவ்வொரு அணியும் மற்ற இரண்டோடும் மோதும்படி, நடத்திவிடலாம். அச்சகத்துக்கு இப்படிக் கொடுங்கள், கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்:

"சுழற்கோப்பைக்கான ஆட்டங்கள் ஒருதோல்வி முறையில் நடைபெறும். குலுக்கலில் 5 அணிகளுக்கு ஆடாத் தேர்ச்சி வழங்கப்படும். முதல் சுற்றில் தோற்கும் அணிகள் ஆறுதல் கோப்பைக்கு லீக் முறையில் ஆடும், எனவே அவை திடலை விட்டுச் செல்ல வேண்டாம். குறித்த நேரத்துக்கு வராத அணிக்கு வராத்தோல்வி. சுழற்கோப்பை ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுக்கும் அணி வெற்றி பெறும். நடுவர் தீர்ப்பே இறுதியானது."

ஸ்க்ரம்முக்கு யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. எழுவர் ஆட்டத்தில் பக்கத்துக்கு மூன்று பேர், பதினைவர் ஆட்டத்தில் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் பூட்டித் தள்ளுவது. 'தோள்பூட்டு' என்று எழுதி வைக்கிறேன், அடிக்க வருகிறவர்கள் வரலாம்.