சம்பளம் கூடியும் ஆட்கள் நிற்காதது ஏன்? மலையகத் தீயணைப்புப் பணியாளர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு: தீயணைப்பு நிலையப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றவர், மத்திய மாகாணம்

அரச சேவையின் ஆகக் குறைந்த மாதாந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயரும் என்று 2025 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபோது, மாநகர சபைகளிலும் நகர சபைகளிலும் உள்ள தீயணைப்புப் பிரிவுகளை விட்டு இளைஞர்கள் விலகுவது இனிமேலாவது குறையும் என்று எங்களில் பலர் நம்பினோம். 15,750 ரூபா என்ற தொகை பத்திரிகைத் தலைப்பில் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் முன்பே கிடைத்துவந்த இடைக்காலக் கொடுப்பனவுகள் அடிப்படைச் சம்பளத்தோடு சேர்க்கப்பட்டதால் ஆகக் குறைந்த நிகர உயர்வு 8,250 ரூபாவாக அமைந்தது. அதுவும் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. உயர்வு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது வந்த பிறகும் நான் அறிந்த நிலையங்களில் விலகல் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன என்பதுதான் என் கவலை.

இங்குள்ள வாசகர்கள் சிலருக்கு ஒன்றை விளக்க வேண்டும். நம் நாட்டில் தீயணைப்புப் பிரிவு பொலிஸைப் போல ஒரே திணைக்களத்தின் கீழ் இயங்குவதில்லை; அந்தந்த உள்ளூராட்சி மன்றமே அதை நடத்துகிறது. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவைக்கு 2018 இல் தனிச் சட்டமும் தனி மன்றமும் கிடைத்தன. தீயணைப்புப் பிரிவோ குப்பை அகற்றல், தெருவிளக்கு, சந்தைக் கட்டடம் ஆகியவற்றோடு வரிசையில் நின்று ஒரே பணப்பெட்டியில் பங்கு கேட்க வேண்டியிருக்கிறது. பணியில் இருப்பவர்களும் விலகியவர்களும் தாங்கள் நின்றதற்கும் போனதற்கும் உரிய காரணத்தை இங்கே எழுத வேண்டுகிறேன். சபைகளின் பெயரையோ ஆட்களின் பெயரையோ குறிப்பிட வேண்டாம்.

பணியில் உள்ள தீயணைப்பு வீரர், ஊவா மாகாணம்

எங்களுக்கு வரும் அழைப்புகளில் அதிக அச்சம் தருவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களில் பிடிக்கும் தீதான். பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். இடைச்சுவர்கள் பல லயன்களில் கூரைவரை எழும்பியிருக்காது. எனவே ஒரு வீட்டில் பிடித்த தீ சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள வெளியில் புகுந்து, கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாமலேயே மூன்றாவது வீட்டுக்குப் போய்விடும். தண்ணீர் தாங்கி வண்டியான பவுசர் முதலாம் கியரில் தோட்டப் பாதை ஏறிப் போய்ச் சேர்ந்ததும், எரிகிற வீட்டைப் பார்த்துத் தண்ணீரைப் பாய்ச்சுவதுதான் புதியவரின் முதல் எண்ணமாக இருக்கும். சில நிமிடங்களில் தாங்கி வெறுமையாகிவிடும். அடுத்த தண்ணீர் ஓடையிலிருந்து பம்ப் வைத்து இழுத்தால்தான் உண்டு.

எங்கள் நிலையத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் வந்திறங்கியதும் எரியும் வீட்டைப் பார்ப்பதற்கு முன் லயனின் இரு முனைகளையும் பார்ப்பார். காற்று போகிற பக்கமாக இரண்டு வீடு தள்ளி ஆட்களைக் கூரையில் ஏற்றித் தகரத்தைக் கழற்றவும் மரச்சட்டங்களை வெட்டி விழுத்தவும் சொல்லிவிட்டு, இருக்கிற தண்ணீரில் பெரும்பகுதியை அந்த இடைவெளியைக் காப்பதற்கென்றே ஒதுக்குவார். வீட்டுக்காரர்கள் “எரியிற வீட்டை விட்டுட்டு நல்ல வீட்டை உடைக்கிறாங்களே” என்று கத்துவார்கள். அவர்களுக்குத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டே வேலையை முடிப்பார். பாதி லயன் மிஞ்சும். எந்தத் தோட்டத்தின் எந்தப் பிரிவுக்கு எந்தப் பாதையால் பவுசர் ஏறும், எந்தப் பாலம் அதன் பாரத்தைத் தாங்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அது எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

சம்பள உயர்வின் முதற்கட்டம் வந்து சில மாதங்களில் அவர் சுற்றுலா விடுதி ஒன்றில் தீப்பாதுகாப்பு மேற்பார்வையாளராகப் போய்விட்டார். போகிற அன்று நான் அவரிடம் கேட்டேன்: “அண்ணே, இப்பதானே கூட்டிக் குடுத்திருக்காங்க?” அவர் சொன்னார்: “கூடினது உண்மைதான் தம்பி. நேத்து வந்த பையனோட சம்பளச் சீட்டையும் என் சீட்டையும் பக்கத்துல வச்சுப் பாரு.” பார்த்தேன். ஆண்டுச் சம்பள ஏற்றம் ஆகக் குறைந்த நிலையில் 250 ரூபாவிலிருந்து 450 ரூபாவாக உயர்ந்தது நல்ல விடயம்தான். ஆனால் அந்த வீதத்தில் பத்து ஆண்டுகள் நெருப்பிலும் மண்சரிவிலும் கற்றதன் மதிப்பு மாதத்துக்கு 4,500 ரூபா. கயிற்றில் இறங்கி மீட்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் சீட்டில் வேறுபாடே இல்லை. அனைவருக்கும் ஒரே அளவாக வருகிற உயர்வு புதியவரைச் சேர்க்க உதவலாம். பழையவரை நிறுத்துவதற்கு அது போதாது என்பது என் கருத்து.

அவர் போன பிறகு எங்கள் பகுதியில் ஏற்பட்ட ஒரு லயன் தீயில் தண்ணீர் முடியும்வரை நாங்கள் எரியும் வீட்டையே நனைத்துக்கொண்டிருந்தோம். கூரையைக் கழற்றும் யோசனை எங்களுக்கு முன்பே தோட்டத்து இளைஞர்களுக்கு வந்துவிட்டது.

நகர சபையின் கணக்குப் பிரிவில் பணியாற்றியவர், மத்திய மாகாணம்

மேலே உள்ள பதிவின் வேதனை எனக்குப் புரிகிறது. எனினும் சபைக்கு மனமில்லை என்ற எண்ணம் இதில் பரவிவிடக் கூடாது என்பதற்காகக் கணக்கின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

அங்கீகரிக்கப்பட்ட ஆளணியில் (பதவி எண்ணிக்கைக்குள்) உள்ள நிரந்தர ஊழியரின் சம்பளத்துக்கு மாகாண சபை வழியாக மீளளிப்பு வருகிறது. மேலதிக நேரக் கொடுப்பனவு, பாதுகாப்பு உடை, சப்பாத்து, ஹோஸ் குழாய், பவுசரின் டயர் ஆகியவை சபையின் சொந்த வருமானத்திலிருந்தே போக வேண்டும். மலையக நகரங்களின் சொந்த வருமானம் என்பது பிரதான வீதியின் இருபுறமும் உள்ள கடைகளின் சோலைவரி (கட்டட வரி), சந்தைக் கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம் ஆகியவைதான். நகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தீப்பிடித்தால் எங்கள் வாகனம்தான் போகிறது. அந்தத் தோட்டங்களிலிருந்து எங்கள் சபைக்கு வருமானம் எதுவும் இல்லை. போகாமல் இருக்க முடியுமா? முடியாது. ஆனால் அந்த ஓட்டத்துக்கான டீசலும் மேலதிக நேரமும் நகரக் கடைக்காரரின் வரிப்பணம்.

அடுத்தது ஆளணி. பதவி ஒன்றை உருவாக்குவதற்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கும்வரை வேலை நிற்காது என்பதால் சபைகள் அமய (தற்காலிக) அடிப்படையிலும் பதிலீட்டு அடிப்படையிலும் ஆட்களை எடுத்துப் பவுசரில் ஏற்றிவிடுகின்றன. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் 2025 மே 6 ஆம் திகதிதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வாகம் செய்தார்கள். நான் இருந்த சபையில் அந்தக் காலத்தில் புதிய தீர்மானம் எதுவும் எடுக்கப்படாமல், மேலதிக நேரத்துக்கான மாத உச்சவரம்பு பழைய தொகையிலேயே கிடந்தது. உச்சவரம்பைத் தாண்டிய மணித்தியாலங்களுக்கு விடுமுறை தருவதாகச் சொல்லப்பட்டது. ஆட்களே இல்லாத நிலையத்தில் அந்த விடுமுறையை யார் எடுப்பது? (வரவேற்புத் தோரணத்துக்கு மட்டும் எப்படியோ ஒரு செலவினத் தலைப்பு கிடைத்துவிடும் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.)

கட்டாரில் தொழில் புரிபவர், முன்னர் அமயத் தீயணைப்பு வீரர்

நான் போனதற்குச் சம்பளம் மட்டுமே காரணம் என்று ஊரில் நினைக்கிறார்கள். என் அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் சபை வேலை கிடைத்த முதல் ஆள் நான். அமயமாகத்தான் சேர்ந்தேன். அடுத்த ஆண்டு நிரந்தரமாகும் என்று ஒவ்வோர் ஆண்டும் சொன்னார்கள். அதை நம்பிக் கடன் வாங்க முடியாது, பெண் கேட்டுப் போக முடியாது, வங்கியில் கடிதம் காட்ட முடியாது.

மழைக்காலத்தில் ஒருநாள் வீதியில் விழுந்த மரத்தை அறுக்கும்போது கிளை சறுக்கி என் காலில் விழுந்தது. நாட்கூலி வேலைக்கு வந்தவனைப் போலப் படுக்கையில் கிடந்த நாட்களுக்குச் சம்பளம் வெட்டப்பட்டது. நிலையத்தில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துத் தந்த பணத்தில்தான் அந்த மாதம் கழிந்தது. எக்ஸ்ரே எடுக்க என்னைக் கூட்டிப்போனதும் அவர்கள்தான். சபையிலிருந்து வந்தது வரவுப் பதிவேட்டில் ஏன் ஒப்பமில்லை என்று கேட்ட கடிதம்.

2024 இல் உள்ளூராட்சி மன்றங்களில் அமய, பதிலீட்டு, ஒப்பந்த அடிப்படையில் இருந்த 8,000 பேருக்கும் மேற்பட்டோரை நிரந்தரமாக்கும் முடிவு வந்தபோது நான் ஏற்கெனவே இங்கே வந்துவிட்டேன். என்னோடு இருந்தவர்களில் சிலருக்கு நிரந்தரம் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் அவர்களின் சேவைக்காலம் நியமனக் கடிதத்தின் திகதியிலிருந்தே எண்ணப்படும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பு கழிந்த ஆண்டுகள் ஓய்வூதியத்திலும் இல்லை, பதவி உயர்விலும் இல்லை.

இங்கே என் வேலை ஒரு தொழிற்சாலையின் தீயணைப்பு அணியில். உண்மையைச் சொன்னால் ஊரில் பார்த்த வேலையின் கால்பங்கு கடினமும் இதில் இல்லை. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பயிற்சி தருகிறார்கள். தேர்ச்சிச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டால் சம்பளமும் மாறும். எனக்கு இந்த வேலை கிடைத்ததற்கு ஊர்ச் சபையின் செலவில் பெற்ற பயிற்சிச் சான்றிதழும் ஒரு காரணம். பயிற்சி தந்தால் ஓடிவிடுவார்கள் என்று சொல்லிப் பயிற்சியையே நிறுத்தும் அதிகாரிகளுக்கு என் கதை வசதியாக இருக்கும். அமயமாக வைத்துக்கொண்டு பயிற்சி தந்தால்தான் ஓடுவார்கள் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். பழைய ஆண்டுகளைச் சேவையில் சேர்த்து, சபை விடுதியில் ஓர் அறையும் தருவதாக இருந்தால் இப்போதைய சம்பளத்துக்கே நான் திரும்பி வருவேன்.

தோட்டப் பாடசாலை ஆசிரியை, நுவரெலியா மாவட்டம்

சேவையைப் பெறுகிறவர்களின் பக்கத்திலிருந்து சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் தோட்டம் அண்மையில் உருவாக்கப்பட்ட பிரதேச சபைகளில் ஒன்றின் எல்லைக்குள் வருகிறது. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை செய்வதற்கு இருந்த தடையை 2018 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் நீக்கியது. ஆனால் எங்கள் சபையிடம் இன்றுவரை தீயணைப்பு வாகனம் இல்லை. பக்கத்து நகரத்திலிருந்துதான் வர வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது எங்கள் பிரிவுக்கு மேலே மண் இறங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்ததால் பல குடும்பங்கள் முன்பே பாடசாலைக்கு வந்திருந்தன. வராமல் நின்றவர்களைத் தேடிப் போனது தோட்டத்து இளைஞர்களும், முன்னர் நகர சபையின் தீயணைப்புப் பிரிவில் இருந்து விலகி இப்போது முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவரும்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் சரிவில் ஏறக் கூடாது, ஒருவர் மேலே நின்று மண்ணைப் பார்த்து விசில் ஊத வேண்டும் என்று ஒழுங்கு செய்தவர் அவரே. மேலே நின்றவர் இரண்டு முறை விசில் ஊதினார். இரண்டு முறையும் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். பாதைகள் அடைபட்டதால் வெளியுதவி வரத் தாமதமானது. அதற்காக நான் யாரையும் குறைசொல்ல முடியாது.

என் கேள்வி வேறு. அவர் போன்றவர்களை மீண்டும் முழுநேர வேலைக்கு எடுக்க முடியாவிட்டால், அழைக்கும்போது வருகிற துணைப் பணியாளராகப் பதிந்து, அந்த நாளுக்குரிய கொடுப்பனவும் காப்புறுதியும் தருவதற்கு ஒரு பிரதேச சபைக்கு என்ன தடை? காப்புறுதி ஒன்றுகூட இல்லாமல்தான் அவர் அன்று அந்தச் சரிவில் ஏறினார்.

கணக்குப் பிரிவில் பணியாற்றியவரின் பதில்

ஆசிரியை கேட்டதற்கு: சபை தீர்மானம் நிறைவேற்றித் தன் வரவுசெலவுத் திட்டத்தில் தலைப்பு ஒதுக்கினால் காப்புறுதி எடுப்பது கடினமானதன்று, தொகையும் பெரிதாக இராது. நாட்கொடுப்பனவுக்கு மாகாண மட்டத்தில் அனுமதி பெற வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே தீர்மானத்தில் கலந்தால் எளிதானதும் சேர்ந்து தாமதமாகும். ஆகவே தனித்தனியாகக் கொண்டுவரும்படி உங்கள் பகுதி உறுப்பினரிடம் சொல்லுங்கள்.

தொடக்கப் பதிவாளர்

நேற்று எங்கள் பழைய நிலையத்தில் இருந்து ஒரு செய்தி கிடைத்தது. புதிய சபை கடந்த மாதக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை ஏற்றிருக்கிறது: மீட்புத் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மாதாந்தத் தனிக் கொடுப்பனவு, அமய சேவைக்காலத்தைப் பதவி உயர்வில் கணக்கெடுத்தல், பணியில் காயமடைபவருக்கு முழுச் சம்பள விடுமுறை. மூன்றாவதைச் சபையே உடனே நடைமுறைப்படுத்துகிறது. முதல் இரண்டும் மாகாண மட்டத்துக்கு அனுப்பப்பட்டுள்ளன; இதற்கு முன்னுதாரணம் உண்டா என்று அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள். வேறு சபைகள் இவ்வாறான தீர்மானம் எதையாவது நிறைவேற்றி அனுமதி பெற்றிருந்தால், திகதியும் தீர்மான இலக்கமும் தெரியும்படி அதன் பிரதியை இங்கே பதிவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் அதைச் செயலாளரிடம் கையளிக்க வேண்டும்.