கேஷில் இருக்கும் உயரத் தரவு: எந்தப் பகுதி, என்ன தெளிவு என்று எப்படிக் கணக்கு வைப்பது?

சில்க்போர்டு_சிக்னல்:
பெங்களூரில் சின்ன டீம், மழைநீர் வடியும் பாதையைக் கணிக்கிற மென்பொருள். எஸ்ஆர்டிஎம் என்ற, விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த நில உயரத் தரவை இறக்கி, மறுபடி இறக்காமலிருக்க டிஸ்க்கில் கேஷாக வைத்துக்கொள்கிறோம். ஃபைல் கிடந்தால் தரவு இருக்கிறது, அவ்வளவுதான் இப்போதைய கணக்கு. ஓசூரிலிருந்து தேவனஹள்ளி வரை கேட்டால் நடுவே 13 டிகிரி அட்சக்கோடு போவதால் இரண்டு டைல் (ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி கட்டம்) வேண்டும். தெற்கே 30 மீட்டர் தெளிவு (சுமார் 30 மீட்டருக்கு ஒரு உயரப் புள்ளி), வடக்கே ஏதோ பழைய வேலைக்கு இறக்கிய 90 மீட்டர். மென்பொருள் இரண்டையும் ஒட்டி 30 மீட்டர் என்றே தந்துவிடுகிறது, எலகங்கா பக்கம் ஓடைகளெல்லாம் மழுங்கிப்போகின்றன. மொத்தத்துக்கும் ஒரு செவ்வகம் சேமித்தால் போதுமா?

வரைபட_வாத்தியார்:
போதாது. மைசூர் ஒன்று, கோலார் ஒன்று இறக்கியிருந்தால் அந்தச் செவ்வகம் நடுவில் உள்ள பெங்களூரும் இருக்கிறது என்று பொய் சொல்லும். எஸ்கியூலைட்டில் (ஒரே ஃபைலில் அடங்கும் தரவுத்தளம்) டைலுக்கு ஒரு வரி போடுங்கள்: என்12இ077 என்ற பெயர் (தென்மேற்கு மூலை, வடக்கு 12, கிழக்கு 77 டிகிரி), தெளிவு, மூலம், தேதி. கேட்டதிலிருந்து இருப்பதைக் கழித்து மீதியை மட்டும் இறக்குங்கள். தெளிவை ஃபைலிலிருந்தே எடுக்கலாம், 30 மீட்டர் ஹெச்ஜிடி (எஸ்ஆர்டிஎம் டைலின் ஃபைல் வகை) என்றால் 3601×3601 புள்ளி, 90 என்றால் 1201×1201, புள்ளிக்கு 2 பைட்.

கோரமங்களா_கோடர்:
அண்ணன் சொன்னதோடு அட்டவணையில் "நிலை" என்று ஒரு பத்தியும் வேண்டும். வங்கக்கடலுக்குள் முழுசாக விழும் டைலுக்கு ஃபைலே கிடையாது. "கேட்டோம், இல்லை" என்று எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் சர்வரைப் போய்த் தட்டிக்கொண்டே இருக்கும். டைல் இருந்தாலும் உள்ளே -32768 என்று குறித்த ஓட்டை (உயரம் தெரியாத புள்ளி) இருக்கலாம், அதையும் எண்ணி வையுங்கள். அப்புறம் முக்கியமாக, 90-ஐ நீட்டி 30 ஆக்கிச் சேமித்தால் முதலில் இருந்த 90 என்ற தெளிவைத்தான் எழுத வேண்டும். அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

சில்க்போர்டு_சிக்னல்:
சரி, ஒரே இடத்துக்கு இரண்டும் இருந்தால் 90-ஐ அழித்துவிடலாமா?

வரைபட_வாத்தியார்:
30-லிருந்து 90 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், இடம் நெருக்கடி என்றால் அழியுங்கள். ஆனால் பழைய முடிவுகளை அச்சு மாறாமல் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், தெளிவையும் சாவியில் (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டுவது) சேர்த்தால் இரண்டும் மோதாது. பின்னால் ஆர்-ட்ரீக்கு (இடத்தை வைத்து வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போனால் ஒன்று: எஸ்கியூலைட் அதில் 32-பிட் எண்ணாகத்தான் வைக்கும், அதில் துல்லியமாக அடங்காத எல்லை என்றால் கட்டத்தை வெளிப்பக்கமாக லேசாகப் பெரிதாக்கும். அதனால் ஓரத்தில் பக்கத்து டைலும் வந்து விழலாம், சரியான எல்லையை வேறு பத்தியில் வைத்து இன்னொரு தடவை சரிபாருங்கள்.