இரண்டு எண்களுக்குப் பொருந்தும் மீ.சி.ம. வாய்பாடு மூன்று எண்களுக்கு ஏன் பொருந்துவதில்லை?

கேள்வி:
இரண்டு எண்களின் பெருக்கற்பலனை அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியால் வகுத்தால் மீச்சிறு பொது மடங்கு கிடைக்கும் என்று படித்திருக்கிறோம். 12, 18 ஆகியவற்றுக்கு 216-ஐ 6-ஆல் வகுக்க 36 வருகிறது, அது சரியே. ஆனால் 12, 18, 30 ஆகிய மூன்றையும் பெருக்கி, கிடைத்த 6480-ஐ மூன்றின் மீ.பெ.கா. ஆகிய 6-ஆல் வகுத்தால் 1080 வருகிறது; விடையோ 180. மாற்று வாய்பாடு இருப்பது தெரியும். இந்த வாய்பாடு எந்த இடத்தில் தவறுகிறது என்பதே என் கேள்வி.

மறுமொழி 1:
பகா எண்களின் அடுக்குகளைப் பார்த்தால் காரணம் புலப்படும். மீ.சி.ம. ஒவ்வொரு பகா எண்ணுக்கும் உள்ள மிகப் பெரிய அடுக்கை எடுத்துக்கொள்கிறது, மீ.பெ.கா. மிகச் சிறிய அடுக்கை எடுத்துக்கொள்கிறது. எண்கள் இரண்டே என்றால், பெரியதும் சிறியதும் சேர்ந்து மொத்தமாகிவிடுவதால், மொத்தத்திலிருந்து சிறியதைக் கழித்தால் பெரியது மட்டுமே எஞ்சும். மூன்று எண்கள் வந்தவுடன் நடுவில் ஓர் அடுக்கு கழிபடாமல் தங்கிவிடுகிறது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம்: 12 = 2² × 3, 18 = 2 × 3², 30 = 2 × 3 × 5. இவற்றில் 2-இன் அடுக்குகள் முறையே 2, 1, 1. மொத்தம் 4, சிறியதாகிய 1-ஐக் கழித்தால் 3. தேவையானதோ 2 மட்டுமே. 3-க்கும் இதே நிலைதான். ஆக, ஒரு 2-உம் ஒரு 3-உம், அதாவது 6 மடங்கு, மிகையாக நின்றுவிட்டன. 1080-ஐ அந்த 6-ஆல் வகுத்துப் பாருங்கள்.

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு 6, 10, 15. மூன்றுக்கும் பொதுவான காரணி 1 தவிர வேறில்லை என்பதால் வாய்பாடு 900 என்கிறது, உண்மையான மீ.சி.ம. 30. எந்த இரண்டை எடுத்தாலும் அவற்றுக்குள் பொதுக் காரணி ஒன்று ஒளிந்திருப்பதே இதற்குக் காரணம்.

கேள்வி கேட்டவர்:
நடுவில் தங்கும் அடுக்கு என்பது தெளிவாகப் புரிந்தது. அப்படியானால், எந்த இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி 1 மட்டுமே என்றால் வெறும் பெருக்கற்பலனே விடையாகுமா?

மறுமொழி 2:
ஆகும். 8, 9, 25 ஆகியவற்றின் மீ.சி.ம. 1800 என்பது அவற்றின் பெருக்கற்பலன்தான்.

வகுத்தல் முறையில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பகா எண்களால் மட்டுமே வகுக்க வேண்டும். 12, 6, 4 ஆகியவற்றை அவசரப்பட்டு 6-ஆல் வகுத்து, வகுபடாத 4-ஐ அப்படியே கீழே இறக்கினால் 2, 1, 4 வரும். அடுத்து 2-ஆல் வகுக்க 1, 1, 2. பெருக்கினால் 24. சரியான விடை 12.

மறுமொழி 3:
எண்கள் பெரியவையாக இருந்தால் காரணிப்படுத்துவது வீண் உழைப்பு என்பது என் கருத்து. 1147, 1271 ஆகியவற்றைப் பாருங்கள். பகாக் காரணிகள் எளிதில் கண்ணில் படா. யூக்ளிடின் முறைப்படி 1271-ஐ 1147-ஆல் வகுக்க மீதி 124, 1147-ஐ 124-ஆல் வகுக்க மீதி 31, 124-ஐ 31-ஆல் வகுக்க மீதி 0. எனவே மீ.பெ.கா. 31. இப்போது 1147-ஐ 31-ஆல் வகுத்து, வரும் 37-ஐ 1271-ஆல் பெருக்கினால் 47027 என்று முடிந்துவிடும்.

மூன்றாவது எண் இருந்தால், முதல் இரண்டின் மீ.சி.ம.-வையும் அதனையும் வைத்து மீண்டும் இதையே செய்யலாம். 12, 18 ஆகியவற்றுக்கு 36; 36, 30 ஆகியவற்றுக்கு 180. நிரலாக எழுதுபவர்கள் முதலில் வகுத்துப் பின்னர் பெருக்குவது நல்லது. பெருக்கலை முதலில் செய்தால், விடை 32 பிட்டுக்குள் அடங்கக்கூடியதாக இருந்தும், இடையில் வரும் எண், குறியுள்ள 32 பிட் முழு எண்ணின் உச்ச வரம்பான 2147483647-ஐத் தாண்டிக் கணக்கைக் கெடுத்துவிடலாம்.